பிள்ளையின் முதுகில் ஒரு கட்டி: பதறவும் வேண்டாம், மறைக்கவும் வேண்டாம்

(சங்கத்தின் பொன்விழா ஆண்டையொட்டி சிங்கப்பூரில் மகளிர் பிரிவு நடத்திய குடும்ப நலச் சந்திப்பில் குடும்ப மருத்துவர் ஒருவர் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)

 

பொன்விழாக் கொண்டாடும் நம் சங்கத்திற்கு முதலில் என் வாழ்த்துகள். ஐம்பது ஆண்டுகளுக்கு முன் சங்கம் தொடங்கியபோது கைக்குழந்தைகளாக இருந்தவர்கள் இன்று பேரப்பிள்ளைகளோடு இந்த மண்டபத்தில் அமர்ந்திருக்கிறார்கள். உங்களில் பலர் பழைய கண்டாங் கெர்பாவ் மருத்துவமனையில் பிறந்தவர்கள். 1966ஆம் ஆண்டில் மட்டும் அங்கே 39,835 குழந்தைகள் பிறந்தன. அது உலகச் சாதனையாகவே பதிவானது. அந்த மருத்துவமனை 1997இல் புதிய கட்டடத்துக்கு மாறி, மகளிரோடு சிறாரையும் கவனிக்கும் கேகே மருத்துவமனையாக இன்று நிற்கிறது. நான் பேசப்போகும் பொருளுக்கு அந்த மருத்துவமனை பின்னால் மீண்டும் வரும்.

மருத்துவரைப் பேச அழைத்தால் நீரிழிவு, இரத்தக் கொதிப்பு, கொழுப்பு ஆகிய மூன்றில் ஒன்றைத்தான் பேசுவார் என்று எதிர்பார்த்திருப்பீர்கள். இன்று வேறொன்றை எடுத்துக்கொள்கிறேன். தாய்மார்கள் தாழ்ந்த குரலில், மருந்தகத்தின் கதவை மூடிவிட்டுக் கேட்கிற கேள்வி அது: “டாக்டர், பிள்ளையோட தோள்பட்டைகிட்ட ஒரு கட்டி மாதிரி இருக்கு. இது என்ன?”

இந்தக் கேள்வியோடு வருபவர்களை இரண்டு வகையாகப் பிரிக்கலாம். ஒரு வகையினர் கட்டியை நேற்று இரவு கண்டு, விடிய விடியக் கைப்பேசியில் தேடிப் படித்து, காலையில் கண் சிவந்து வருவார்கள். அவர்களுக்குப் புற்றுநோயைத் தவிர வேறு எதுவும் தோன்றாது. இன்னொரு வகையினர் ஆறு மாதத்துக்கு முன்பே கண்டிருப்பார்கள். “வலி இல்லையே” என்று விட்டிருப்பார்கள். அல்லது எண்ணெய் போட்டு நீவியிருப்பார்கள். அல்லது பெண் பிள்ளை ஆயிற்றே, நாலு பேருக்குத் தெரிய வேண்டாம் என்று மூடி வைத்திருப்பார்கள்.

இரண்டு பேருக்கும் நான் சொல்வது ஒன்றே. கட்டிகளில் மிகப் பெரும்பாலானவை ஆபத்து இல்லாதவை. ஆனால் எது ஆபத்து இல்லாதது என்பதைக் கண்ணால் பார்த்து, கையால் தொட்டு, தேவைப்பட்டால் படம் எடுத்துத்தான் முடிவு செய்ய வேண்டும். பயமும் அதை முடிவு செய்யக் கூடாது, வெட்கமும் முடிவு செய்யக் கூடாது.

முதுகை யார் பார்க்கிறார்கள்?

கையில் கட்டி வந்தால் பிள்ளையே காட்டும். கழுத்தில் வந்தால் நாம் பார்ப்போம். தோள்பட்டையின் பின்புறத்தில் வந்தால்? பிள்ளையின் கண்ணுக்கு அது தெரியாது, கையும் எளிதில் எட்டாது. கைக்குழந்தையாக இருக்கும்போது நன்னியோ, தாயோ, வீட்டுப் பணிப்பெண்ணோ தினமும் குளிப்பாட்டுகிறார்கள். ஏழெட்டு வயதானதும் பிள்ளை தானாகக் குளிக்கத் தொடங்குகிறது. பத்து வயதானால் கூச்சம் வருகிறது. அது நல்லதுதான், நாம் கற்றுக்கொடுத்ததுதான். ஆனால் அன்றோடு அந்த முதுகை யாருமே பார்ப்பதில்லை. அதனால்தான் இந்த இடத்துக் கட்டிகள் தாமதமாகக் கண்ணில் படுகின்றன.

ஆகவே என் முதல் வேண்டுகோள்: ஆண்டுக்கு இரண்டு முறையாவது, ஆண் பிள்ளையின் முதுகை அத்தாவும் பெண் பிள்ளையின் முதுகை அம்மாவும் நல்ல வெளிச்சத்தில் பாருங்கள். பெருநாள் சட்டை போட்டுப் பார்க்கும்போதே இதைச் செய்யலாம். வீட்டுப் பணிப்பெண் பிள்ளையைக் குளிப்பாட்டினால், “உடம்பில் புதிதாக ஏதாவது கண்டால் உடனே சொல்” என்று சொல்லி வையுங்கள். சொன்னால் திட்டு விழும் என்று பயந்து மறைக்கும் நிலைமை இருக்கக் கூடாது.

கட்டி போலத் தோன்றும், கட்டி அல்லாதவை

குர்பானி இறைச்சி பங்கிட்டவர்களுக்கு ஆட்டின் முன்கால் சப்பையில் வரும் தட்டையான முக்கோண எலும்பு தெரியும். நமக்கும் முதுகின் இரு பக்கத்திலும் அதே போன்ற எலும்புதான் இருக்கிறது. அது விலா எலும்புகளின் மேல் தசைகளுக்கு நடுவே மிதப்பது போல இருக்கும். கையைத் தூக்கினால் அது நகரும், சுழலும். ஒல்லியான பிள்ளைக்கு அதன் கீழ்முனை நன்றாகத் துருத்திக்கொண்டு தெரியும். கழுத்தும் முதுகும் சேரும் இடத்தில் முள்ளெலும்பின் நுனி ஒன்று பட்டாணி போலத் தட்டுப்படும். இவை எல்லோருக்கும் உள்ளவை.

முதல் சோதனை மிக எளிது. மறுபக்கத்தைத் தொட்டுப் பாருங்கள். இடது பக்கத்தில் இருப்பது வலது பக்கத்திலும் அதே இடத்தில், அதே அளவில் இருந்தால் அது பெரும்பாலும் படைப்பின் அமைப்புதான். ஒரு பக்கம் மட்டும் இருந்தால் அடுத்த கேள்விக்குப் போக வேண்டும்.

ஒரு பக்கத் தோள்பட்டை எலும்பு மட்டும் துருத்தித் தெரிந்தால், முதுகெலும்பு பக்கவாட்டில் வளைந்திருக்கிறதா என்று பார்க்க வேண்டும். பிள்ளையைக் கால்களைச் சேர்த்து நிற்கச் சொல்லுங்கள். உள்ளங்கைகளைச் சேர்த்து, முழங்காலை மடக்காமல், ருகூவைவிடச் சற்று அதிகமாக முன்னால் குனியச் சொல்லுங்கள். பின்னால் நின்று முதுகை மட்டம் பாருங்கள். ஒரு பக்கம் மேடாகத் தெரிந்தால் அது கட்டி அல்ல. முதுகெலும்பு வளைந்து திரும்பியதால் விலா எலும்புகள் மேலெழுந்து நிற்கின்றன. வேகமாக வளரும் பத்து முதல் பதினைந்து வயதுக்குள் இது கூடலாம். கடுமையான வளைவு ஆண் பிள்ளைகளைவிடப் பெண் பிள்ளைகளுக்கே அதிகம். நம் பள்ளிகளில் சுகாதாரக் குழு வந்து இதைப் பார்க்கிறது. கடிதம் வந்தால் புத்தகப் பையிலேயே விட்டுவிடாதீர்கள். பள்ளிப் பையின் கனத்தால் முதுகு வளைவதில்லை. அதனால் பிள்ளையைக் குற்றம் சொல்லிப் பயனில்லை.

பிறந்ததிலிருந்தே ஒரு தோள்பட்டை மேலே ஏறி, கழுத்தோரம் திரண்டு நிற்பதும் உண்டு. 1891இல் இதை விவரித்த ஜெர்மானிய மருத்துவர் ஸ்பிரெங்கலின் பெயரால் அதை அழைக்கிறார்கள். கரு வளரும்போது கழுத்துப் பகுதியிலிருந்து கீழே இறங்க வேண்டிய எலும்பு முழுதாக இறங்காமல் நின்றுவிடுவதே காரணம். கையை முழுதாகத் தூக்க முடிகிறதா என்பதைப் பொறுத்து வைத்தியம் அமையும்.

இன்னொன்று, சுவரில் இரு கைகளையும் ஊன்றித் தள்ளும்போது ஒரு பக்க எலும்பு பறவைச் சிறகு போல வெளியே விரிவது. எலும்பை விலாவோடு பிடித்து வைக்கும் தசை பலவீனமாக இருப்பதன் அடையாளம் அது. நரம்பு நசுங்கியதாலும் வரலாம், தசை நோயாலும் வரலாம். இதற்கும் மருத்துவரிடம் காட்ட வேண்டும்.

தோலுக்கும் தசைக்கும் இடையில் வருபவை

இனி உண்மையான கட்டிகள். வயதை வைத்துப் பார்த்தால் புரிந்துகொள்வது எளிது.

பிறந்த சில வாரங்களில், குறிப்பாகச் சிரமமான பிரசவத்துக்குப் பின், முதுகிலும் தோளிலும் கெட்டியான சிவந்த திட்டுகள் வரலாம். தோலுக்கு அடியில் உள்ள கொழுப்பு பாதிக்கப்பட்டதால் வருவது அது. தானாகக் கரையும். ஆனால் சில குழந்தைகளுக்கு இரத்தத்தில் சுண்ணாம்புச் சத்து உயரக்கூடும் என்பதால் பரிசோதனை வேண்டும். ஒரு மாதத்துக்கு உட்பட்ட குழந்தைக்கு எந்தக் கட்டி வந்தாலும் வீட்டில் வைத்துப் பார்க்காதீர்கள்.

சில வாரக் குழந்தைக்குச் சிவப்பாகவோ நீலம் பாய்ந்தோ மென்மையாக எழும்பும் கட்டி, இரத்தக் குழாய்களால் ஆனதாக இருக்கலாம். முதல் ஐந்து மாதங்களில் அது வேகமாக வளரும், பிறகு நிற்கும், சில ஆண்டுகளில் சுருங்கும். பலருக்கு வைத்தியமே தேவைப்படாது. தேவைப்படுவோருக்கு இப்போது நல்ல மருந்து இருக்கிறது. இருதய நோய்க்குக் கொடுக்கும் புரோப்ரனலால் இதைச் சுருக்குகிறது என்பதை 2008இல் பிரான்சின் போர்டோ நகர மருத்துவர்கள் வெளியிட்டார்கள். வேகமாக வளரும் அந்த மாதங்களிலேயே தொடங்கினால் பலன் அதிகம். அதனால் “தானாகப் போய்விடும்” என்ற முடிவையும் மருத்துவரைப் பார்த்த பிறகே எடுங்கள்.

தண்ணீர்ப் பை போலத் தொளதொளவென்று இருந்து, சளி காய்ச்சல் வரும்போது பெரிதாவது நிணநீர்க் குழாய்களின் பிறவிக் கோளாறாக இருக்கலாம். கழுத்திலும் அக்குளிலும் அதிகம் வரும், தோள்பட்டைப் பக்கமும் பரவலாம்.

மூன்று வயதுக்குள், வலியில்லாமல் மெதுமெதுவென்று, ஆனால் சில மாதங்களிலேயே பெரிதாகும் கட்டி ஒன்று உண்டு. முதிராத கொழுப்பு அணுக்களால் ஆனது. வேகமாக வளர்வதால் பெற்றோர் நடுங்கிப் போவார்கள். ஆனால் அது புற்றுநோய் அல்ல. அறுவைச் சிகிச்சையில் முழுதாக எடுத்துவிட்டால் போதும். மிச்சம் வைத்தால் மீண்டும் வரலாம்.

பள்ளி வயதில் தோலுக்கு நேர் கீழே, கல் போலக் கெட்டியாக, விரலால் அசைத்தால் தோலோடு சேர்ந்து அசையும் சிறு கட்டி வரலாம். முடிவேரிலிருந்து கிளம்பி, சுண்ணாம்பு படிந்து இறுகுவது அது. தானாகப் போகாது, சிறு அறுவையில் எடுத்துவிடலாம். நடுவில் கரும்புள்ளியோடு இருக்கும் உருண்டை, தோல் அணுக்கள் அடைபட்ட பை. அதைப் பிதுக்காதீர்கள். பிதுக்கினால் உள்ளேயே வெடித்துச் சீழ் பிடிக்கும். சிவந்து, சுட்டு, தொட்டால் வலித்து, காய்ச்சலும் இருந்தால் அது சீழ்க்கட்டி. அன்றே மருத்துவரிடம் போக வேண்டும்.

கட்டியோடு உடம்பின் மற்ற இடங்களையும் பாருங்கள். பால் கலந்த கோப்பி நிறத்தில் தட்டையான திட்டுகள் ஆறோ அதற்கு மேலோ இருந்தால் மருத்துவரிடம் சொல்லுங்கள். நரம்பு சார்ந்த ஒரு பரம்பரைக் கோளாறின் அடையாளமாக அது இருக்கலாம். நம் குழந்தைகளுக்கு இடுப்பில் பிறவியிலேயே இருக்கும் நீலத் திட்டு அது அல்ல. இந்த நீலத் திட்டைப் பற்றிக் கவலை வேண்டாம்.

எலும்பிலிருந்து வருவது

தோள்பட்டை எலும்பிலிருந்தே முளைப்பதும் உண்டு. எலும்பின் மேல் குருத்தெலும்புத் தொப்பி போட்ட ஒரு முளை அது. பெரும்பாலும் பத்து வயதுக்கு மேல் கண்ணில் படும், பிள்ளை வளரும் வரை கூட வளரும், வளர்ச்சி நின்றதும் தானும் நின்றுவிடும். எலும்பின் அடிப்பக்கத்தில் முளைத்தால் கண்ணுக்குக் கட்டியே தெரியாது. ஆனால் எலும்பு ஒரு பக்கம் தூக்கிக்கொண்டு நிற்கும், கையைச் சுழற்றும்போது கடக் கடக் என்று சத்தம் வரும். எக்ஸ்ரே படத்தில் இது பெரும்பாலும் தெரிந்துவிடும்.

ஒன்றுக்கு மேற்பட்ட முளைகள் இருந்தால் குடும்பத்தைக் கேட்க வேண்டும். அத்தாவுக்கோ அம்மாவுக்கோ முழங்கால் பக்கத்தில் இப்படி எலும்பு முளைகள் இருந்தால், ஒவ்வொரு பிள்ளைக்கும் பாதிக்குப் பாதி வாய்ப்பு. “எங்க குடும்பத்து ராசி” என்று சிரித்துவிட்டுப் போகாமல் மருத்துவரிடம் சொல்லுங்கள். இந்த முளை புற்றாக மாறுவது மிக அரிது. ஆனால் வளர்ச்சி நின்ற பிறகும் பெரிதானால், புதிதாக வலித்தால் மீண்டும் படம் எடுக்க வேண்டும்.

எப்போது தாமதிக்கக் கூடாது?

இப்போது எல்லோரும் அஞ்சுகிற பெயருக்கு வருகிறேன். தசையிலிருந்தும் எலும்பிலிருந்தும் பிள்ளைகளுக்குப் புற்றுநோய் வருவது உண்டு. தோள்பட்டையிலும் விலாவிலும் வரலாம். அது அரிது, ஆனால் இல்லாதது அல்ல. உலகில் ஆண்டுதோறும் சுமார் 4 இலட்சம் சிறாருக்கும் பதின்ம வயதினருக்கும் ஏதோ ஒரு வகைப் புற்றுநோய் வருகிறது என்பது உலகச் சுகாதார நிறுவனத்தின் கணக்கு. வசதியுள்ள நாடுகளில் அவர்களில் 80 விழுக்காட்டுக்கும் மேற்பட்டவர்கள் குணமடைகிறார்கள். வசதி குறைந்த பல நாடுகளில் 30 விழுக்காட்டினர்கூடக் குணமடைவதில்லை. தாமதமாகக் கண்டுபிடிப்பது இதற்கு ஒரு முக்கியக் காரணம். மருத்துவமனை பக்கத்திலேயே இருக்கும் ஊரில் வாழ்கிற நாம், வெட்கத்தாலும் அலட்சியத்தாலும் அந்தத் தாமதத்தை நாமே உண்டாக்கக் கூடாது.

இந்த அடையாளங்களில் ஒன்று இருந்தாலும் சில நாள்களுக்குள் காட்டுங்கள்:

கட்டி வாரத்துக்கு வாரம் பெரிதாகிறது.
5 சென்டிமீட்டருக்கு மேல், அதாவது ஒரு பெரிய எலுமிச்சம்பழ அளவுக்கு மேல் இருக்கிறது.
கெட்டியாக, ஆழத்தில், அசைக்க முடியாமல் ஒட்டியிருக்கிறது.
வலி பிள்ளையைத் தூக்கத்திலிருந்து எழுப்புகிறது.
கை பலவீனமாகிறது, மரத்துப் போகிறது, அல்லது நடை மாறுகிறது.
காரணமில்லாத காய்ச்சல், எடைக் குறைவு, வெளிறிய முகம், அடிபடாமலே தோன்றும் கன்றிய தடங்கள் இருக்கின்றன.
நடு முதுகெலும்பின் மேலேயே கட்டி இருக்கிறது, அதன் மேல் முடிக்கற்றையோ குழியோ உள்ளது.
ஒருமுறை எடுத்த கட்டி அதே இடத்தில் மீண்டும் வருகிறது.

பிள்ளைகளின் கட்டி காரணம் தெரியாமல் பெரிதாகிக்கொண்டே வந்தால் 48 மணி நேரத்துக்குள் அல்ட்ராசவுண்ட் எடுப்பதைக் கருத வேண்டும் என்று பிரிட்டனின் மருத்துவ வழிகாட்டி சொல்கிறது. அவசரம் என்றால் என்ன என்பதற்கு இது ஓர் அளவுகோல்.

இங்கே ஒரு சொல்லை நான் திருத்த வேண்டும். “வலிக்கவில்லை, அதனால் பயமில்லை.” நம் குடும்பங்களில் எல்லோரும் சொல்வது இது. ஆனால் நோகும் கட்டி பல நேரம் சாதாரணச் சீழ்க்கட்டி. நோகாமல் அமைதியாக வளர்வதே சில நேரம் கவனிக்க வேண்டியது. வலி இல்லாதது நற்சான்றிதழ் அல்ல.

தேய்க்காதீர்கள், நீவாதீர்கள்

கட்டி என்றதும் நம் கை தைலப் புட்டிக்குப் போகிறது. ஒருவர் கோடாலித் தைலம் தேய்ப்பார். ஒருவர் மலாய் உருட் போடுபவரிடம் தூக்கிக்கொண்டு போவார். ஒருவர் ஊரிலிருந்து வந்த எண்ணெயைச் சூடாக்கி நீவுவார். எல்லாம் பிள்ளை மேல் உள்ள பாசத்தால்தான். ஆனால் என்னவென்று தெரியாத கட்டியை அழுத்தித் தேய்ப்பதால் நன்மை ஒன்றுமில்லை, தீமை உண்டு. சீழ்க்கட்டி என்றால் கிருமி பரவும். இரத்தக் குழாய்க் கட்டி என்றால் புண்ணாகி இரத்தம் வரும்.

இன்னும் ஒரு நோய் உண்டு. பத்து முதல் இருபது இலட்சம் பேரில் ஒருவருக்கு வரும், அவ்வளவு அரிது. இருந்தாலும் அதைச் சொல்லாமல் இந்தப் பேச்சை முடிக்க முடியாது. சின்னப் பிள்ளைக்குக் கழுத்திலும் முதுகிலும் தோள்பட்டையிலும் திடீரென்று வலியோடு கட்டிகள் எழும்பும், சில அடங்கும், பிறகு அந்த இடத்துத் தசை எலும்பாக மாறிவிடும். இதற்குக் காரணமான மரபணுவை 2006இல் அமெரிக்காவின் பென்சில்வேனியா பல்கலைக்கழகக் குழு கண்டுபிடித்தது. இந்த நோயில் தேய்த்தாலும், ஊசியைத் தசையில் குத்தினாலும், சோதனைக்காகக் கொஞ்சம் வெட்டி எடுத்தாலும்கூட நோய் தூண்டப்பட்டு இன்னும் எலும்பு வளரும். புற்றுநோய் என்று எண்ணி வெட்டப்பட்ட பிள்ளைகள் உலகில் பலர்.

இதை முன்கூட்டியே சொல்லும் அடையாளம் முதுகில் இல்லை, காலில் இருக்கிறது. இந்தப் பிள்ளைகளில் ஏறக்குறைய எல்லோருக்கும் பிறக்கும்போதே இரு கால் பெருவிரல்களும் குட்டையாக, மற்ற விரல்கள் பக்கம் சாய்ந்திருக்கும். ஆகவே முதுகில் கட்டி கண்டால் கால் பெருவிரலையும் ஒரு பார்வை பாருங்கள். வித்தியாசமாக இருந்தால் மருத்துவரிடம் அதையே முதலில் சொல்லுங்கள். பார்க்க அரை நிமிடம்கூட ஆகாது.

ஓதிப் பார்ப்பதை நான் தடுக்கவில்லை. துஆக் கேளுங்கள், ஓதி ஊதுங்கள், மனம் அமைதி பெறும். மருத்துவரிடம் போவது தவக்குலுக்கு எதிரானது அல்ல என்பதை இந்த அவையில் உள்ள ஆலிம்கள் என்னைவிட நன்றாகச் சொல்வார்கள். ஓதிய பிறகு சந்திப்புக்கு நேரமும் வாங்கிவிடுங்கள்.

மருத்துவரிடம் போகும் முன்

ஒரு தாளில் ஐந்து கேள்விகளுக்குப் பதில் எழுதிக்கொண்டு வாருங்கள். எப்போது முதலில் கண்டீர்கள்? அப்போது எவ்வளவு, இப்போது எவ்வளவு? அடிபட்டதா, தடுப்பூசி போட்டதா, பூச்சி கடித்ததா? வலி, காய்ச்சல், பசியின்மை உண்டா? குடும்பத்தில் வேறு யாருக்கும் இப்படிக் கட்டிகள் உண்டா?

கட்டியின் பக்கத்தில் அளவுகோலை வைத்துக் கைப்பேசியில் ஒரு படம் எடுங்கள். வாரம் ஒருமுறை போதும், ஒரே வெளிச்சத்தில், ஒரே தூரத்தில். தினமும் அமுக்கி அமுக்கிப் பார்த்தால் அதுவே வீங்கும். அந்தப் படத்தைக் குடும்ப வாட்ஸ்அப் குழுவில் போடாதீர்கள். அது பிள்ளையின் உடம்பு. அதன் மானத்தைக் காப்பதும் நம் பொறுப்பு.

அபாய அடையாளம் எதுவும் இல்லாத சிறிய கட்டி என்றாலும், இரண்டு வாரத்துக்குள் மறையாவிட்டால் பக்கத்து மருந்தகத்திலோ பலதுறை மருந்தகத்திலோ காட்டுங்கள். நிபுணரைப் பார்க்க வேண்டியிருந்தால் பலதுறை மருந்தகத்தின் பரிந்துரைக் கடிதத்தோடு போகும்போது அரசாங்கச் சலுகைக் கட்டணம் கிடைக்கும். பிள்ளைகளின் புற்றுநோய்க்கு வைத்தியம் பார்க்கும் அரசாங்க மருத்துவமனைகள் கேகே மருத்துவமனையும் தேசியப் பல்கலைக்கழக மருத்துவமனையும். காய்ச்சலோடு சிவப்பு பரவினாலோ, மூச்சுத் திணறினாலோ காத்திருக்க வேண்டாம். கேகே சிறார் அவசரப் பிரிவு இரவு பகலாகத் திறந்திருக்கிறது.

செலவை நினைத்துத் தயங்குகிறவர்களும் உண்டு. குடிமக்களுக்கும் நிரந்தரவாசிகளுக்கும் 2015 முதல் மெடிஷீல்டு லைஃப் காப்புறுதி இருக்கிறது, பிள்ளைகளுக்கும் உண்டு. அறுவைச் சிகிச்சைக்குப் பெற்றோரின் மெடிசேவிலிருந்து எடுக்கலாம். அதற்கும் போதாவிட்டால் மருத்துவமனையின் மருத்துவச் சமூக ஊழியரைக் கேளுங்கள். கேட்பதில் அவமானம் இல்லை.

கத்தி பட்டால் பரவுமா?

“கட்டியில் கத்தி பட்டால் பரவிவிடும்” என்பது நம்மிடையே ஆழமாக வேரூன்றிய பயம். உண்மை என்னவென்றால், முறையாகத் திட்டமிட்டு ஊசியால் எடுக்கும் சிறு மாதிரியால்தான் எது என்ன என்பது உறுதியாகிறது. அதற்குப் பயந்து ஓடினால் நோய்தான் வளரும். ஆனால் இந்தப் பயத்துக்குள் ஒரு பாதி உண்மை இருக்கிறது. படம் எடுக்காமல், என்னவென்று யோசிக்காமல், ஆழமான கட்டியை அவசரமாக வெட்டி எடுப்பது ஆபத்து. அது புற்றாக இருந்தால் மிச்சம் தங்கிவிடும், அடுத்த சிகிச்சை கடினமாகும்.

நம் முன்னோர் இதை ஆயிரம் ஆண்டுகளுக்கு முன்பே அறிந்திருந்தார்கள். குர்துபாவில் வாழ்ந்த அறுவை மருத்துவ மேதை அபுல் காசிம் அல் ஸஹ்ராவி, தமது முப்பது பகுதி மருத்துவக் கலைக்களஞ்சியமான அத்தஸ்ரீஃபின் இறுதிப் பகுதியை அறுவைச் சிகிச்சைக்கே ஒதுக்கினார். உடலின் உள்ளமைப்பை அறியாமல் கத்தியை எடுக்கக் கூடாது என்று அதன் தொடக்கத்திலேயே எச்சரிக்கிறார். அறியாத மருத்துவர் ஒருவர் ஒரு பெண்ணின் கழுத்துக் கட்டியை வெட்டப் போய், இரத்தக் குழாயை அறுத்து அவர் இறந்துபோனதை அதற்கு உதாரணமாகச் சொல்கிறார். அன்று அவர் அறிவால் செய்ததை இன்று நாம் படத்தாலும் செய்கிறோம்.

அல்ட்ராசவுண்டில் கதிர்வீச்சு இல்லை, வலியும் இல்லை. தோலுக்கு அடியில் உள்ள கட்டிக்குப் பெரும்பாலும் அதுவே முதல் படம். எலும்பு என்றால் எக்ஸ்ரே. ஆழமானது, பெரியது என்றால் எம்.ஆர்.ஐ. அதற்குப் பிள்ளை அசையாமல் படுக்க வேண்டும் என்பதால் சிறு குழந்தைகளுக்குத் தூக்க மருந்து கொடுப்பார்கள். எந்த அறுவைக்கும் முன் மூன்று கேள்விகள் கேளுங்கள்: படம் எடுத்தாயிற்றா? எடுத்த கட்டியை ஆய்வுக்கூடத்துக்கு அனுப்புவீர்களா? முடிவு எப்போது வரும், யார் சொல்வார்கள்? நல்ல மருத்துவர் யாரும் இதற்குக் கோபப்பட மாட்டார்.

பிள்ளையிடமும் தாயிடமும்

கடைசியாக, உடம்பைப் பற்றி அல்ல, மனதைப் பற்றி. பிள்ளையின் முன்னால் அழுது புலம்பாதீர்கள். “முதுகில ஒரு சின்ன வீக்கம் இருக்கு, டாக்டர் பார்த்துச் சொல்வாங்க, நானும் கூடவே இருப்பேன்” என்று சொன்னால் போதும். பெண் பிள்ளை கூச்சப்பட்டால் பெண் மருத்துவரைக் கேளுங்கள். தாய் கூடவே நிற்கலாம். முதுகைப் பார்க்க முதுகு மட்டும் திறந்தால் போதும்.

அறுவைத் தழும்பு நாளை கல்யாணப் பேச்சில் தடையாகுமே என்று கவலைப்படுகிறவர்கள் உண்டு. முதுகில் ஒரு விரல் நீளத் தழும்புக்காகப் பெண்ணை மறுக்கும் வீடு, நம் பிள்ளைக்கு ஏற்ற வீடுதானா என்று அப்போது யோசிக்கலாம்.

தாயைக் குற்றம் சொல்லாதீர்கள். சூலியாக இருந்தபோது எதைச் சாப்பிட்டாள், எங்கே போனாள், யார் கண் பட்டது என்று மாமியார் வீட்டில் விசாரணை நடக்கும். இன்று நான் சொன்ன எந்தக் கட்டியும் தாய் சாப்பிட்டதால் வந்தது அல்ல. தன் மீது பழி வரும் என்று அஞ்சும் தாய்தான் கட்டியை மறைக்கிறாள். அந்தப் பழியை நீக்கிவிட்டால் தாமதத்தில் பாதி தானே நீங்கிவிடும். அத்தாமார்களே, சந்திப்பு நாளில் நீங்களும் விடுப்பு எடுத்து உடன் போங்கள். மருத்துவர் சொல்வதைக் கேட்க நான்கு காதுகள் வேண்டும்.

ஐம்பது ஆண்டுகளாக நம் சங்கம் ஏழை மாணவருக்கு உதவித்தொகை, ரமலானில் நோன்புக் கஞ்சி, ஜனாஸாவுக்குத் தோள் என்று குடும்பங்களோடு நின்றிருக்கிறது. இனி வரும் ஆண்டுகளில், மருத்துவமனைக்குத் தனியாகப் போக அஞ்சும் ஒரு தாயோடு துணைக்குப் போகும் சகோதரிகள் சிலரும் இதில் சேர வேண்டும். ஆங்கிலம் தடுமாறும் நன்னிக்கு மருத்துவர் சொன்னதைத் தமிழில் சொல்லும் இளைஞர் ஒருவரும் வேண்டும். விருப்பமுள்ளவர்கள் மகளிர் பிரிவுச் செயலாளரிடம் இன்றே பெயர் கொடுங்கள்.

நம் பிள்ளைகள் அனைவருக்கும் அல்லாஹ் நிறைந்த சுகத்தையும் நீண்ட ஆயுளையும் தருவானாக. நோயுற்றவர்களுக்கு ஷிஃபாவைத் தருவானாக. ஆமீன்.  கேள்வி உள்ளவர்கள் தேநீர் நேரத்தில் என்னிடம் வரலாம்.

வஸ்ஸலாம்.